கொல்லைப்புறம்

என் அக்கா மகனை லிங்க்டுஇன்னில் பார்த்தால் உங்களுக்கு அடையாளம் தெரியாது. பெற்ற தாய்க்கே தெரியவில்லை. கறுப்புக் கோட்டு, நீல டை, கையைக் கட்டிக்கொண்டு தூரத்தில் எதையோ பார்க்கிற மாதிரி ஒரு பார்வை. கோட்டு நிஜம் இல்லை. கும்பகோணத்தில் ஒரு ஸ்டுடியோவில் சட்டையோடு நிற்க வைத்துப் படம் எடுத்து, கம்ப்யூட்டரில் மாட்டிவிட்டது. என்ன கலர் வேண்டும் என்றுகூடக் கேட்டுப் போடுகிறார்கள். படத்துக்குக் கீழே, மாற்றத்தை முன்னின்று நடத்தும் தொழில்நுட்பத் தலைவர் என்ற அர்த்தத்தில் இங்கிலீஷில் ஏதோ எழுதியிருக்கிறான். வேலை பெங்களூரில். வயசு முப்பத்தொன்று.

அதே ஆளை ஊர் வாட்ஸ்ஆப் குழுவில் பார்க்க வேண்டும். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, பாபநாசம் பக்கத்து வயலில் சேற்றுக்காலோடு நிற்கிறான். "நாத்து பறிக்க ஆள் வரலை. யாராச்சும் இருந்தா சொல்லுங்க பெரியப்பா."

இரண்டும் அவன்தான். கோட்டைத் தவிர எல்லாமே நிஜம்.

போன வருஷம் அவனுக்குப் பதவி உயர்வு வந்தது. லிங்க்டுஇன்னில் அறிவித்தான். அந்த வகை அறிவிப்பை நீங்களும் படித்திருப்பீர்கள். 'மிகுந்த பணிவோடு தெரிவித்துக்கொள்கிறேன்' என்று ஆரம்பிக்கும். (பணிவைப் பற்றி இவ்வளவு சத்தமாக வேறு எங்கும் பேசி நான் கேட்டதில்லை.) ஏகப்பட்ட வாழ்த்துகள். நடுவில் அவனுடைய பெரியப்பா! பேத்தி யாரோ அவருக்கும் ஒரு கணக்குத் திறந்து கொடுத்துவிட்டிருக்கிறது. 'வாழ்த்துக்கள் தம்பி. மோட்டாரு காயில் போயிருச்சு. ஒங்கப்பன் போன் எடுக்க மாட்டேங்குறான். நீயாவது எடு' என்று அத்தனை பேர் முன்னால் எழுதிவிட்டார். பையனுடைய மேலதிகாரி ஒரு வங்காளி. மொழிபெயர்ப்புப் பொத்தானை அமுக்கிப் படித்துவிட்டு மறுநாள் மீட்டிங் முடிந்ததும் தனியாகக் கூப்பிட்டு, "மிஸ்டர் காயில் உங்களுக்கு ரொம்ப நெருங்கின சொந்தமா?" என்று துக்கம் விசாரித்தாராம்.

"பெரியப்பாவை பிளாக் பண்ணணும் மாமா. பண்ணுனா பொங்கலுக்கு ஊருக்குள்ள கால் வைக்க முடியாது. என்ன பண்றது சொல்லுங்க?"

சிரித்துவிட்டேன். ஆனால் கேள்வி சிரிப்பாணிக் கேள்வி இல்லை. உங்கள் வீட்டிலும் ஏதாவது ஒரு ரூபத்தில் வந்திருக்கும். ஆபீசுக்கு ஒன்று, சொந்தபந்தத்துக்கு ஒன்று, கூடப் படித்தவர்களுக்கு ஒன்று என்று ஒரே போனுக்குள் நாலைந்து வாசல் வைத்துக்கொண்டு, எந்த வாசல் வழியாக யார் நுழைவார்கள் என்று பயந்துகொண்டேதான் எல்லோரும் இருக்கிறோம்.

'அது எதுக்கு சார் ஆபீசுக்கு ஒரு முகம், வீட்டுக்கு ஒரு முகம்? போலித்தனம் இல்லையா?' என்று கேட்பவர்கள் உண்டு. அப்படிச் சொன்னவர்களில் ஒருவர் ஃபேஸ்புக்கின் மார்க் ஸக்கர்பெர்க். டேவிட் கிர்க்பாட்ரிக் 2010-ல் ஃபேஸ்புக்கின் கதையைப் புத்தகமாக எழுதினார். அதில் வருகிறது. வேலை பார்க்கிற இடத்தில் ஒரு மாதிரி, மற்றவர்களிடம் ஒரு மாதிரி என்று இருக்கிற காலம் சீக்கிரம் முடிந்துவிடும், ஒரு மனுஷன் இரண்டு அடையாளம் வைத்துக்கொள்வது நேர்மைக் குறைவு என்று அடித்துச் சொல்கிறார். சொன்னவருக்கு அப்போது இருபத்தைந்து, இருபத்தாறு வயசு. அந்த வயசில் எல்லோருமே எதையாவது அடித்துச் சொல்வோம்.

பிறகு என்ன ஆயிற்று? 2013-ல், தன் வீட்டைச் சுற்றியிருந்த நாலு வீட்டை அவரே விலைக்கு வாங்கிப் போட்டார், அக்கம்பக்கத்துக் கண் படாமல் இருக்க. 2016-ல் அவரே வெளியிட்ட ஒரு படத்தில் அவருடைய லேப்டாப் கேமராவின் மேல் டேப் ஒட்டியிருந்ததை உலகமே பார்த்துச் சிரித்தது. 2012-ல் இன்ஸ்டாகிராம், 2014-ல் வாட்ஸ்ஆப் என்று வாங்கி, நாம் வேறு வேறு முகத்தோடு போய் உட்கார்கிற அறைகளுக்கு எல்லாம் இன்றைக்கு அவர்தான் வீட்டுக்காரர். வாடகை மட்டும் நாம் வேறு ரூபத்தில் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கூகுள்காரர்கள் வேறு வழி பார்த்தார்கள். 2011-ல் வந்த கூகுள் பிளஸ்ஸில் 'வட்டம்' என்று ஒரு ஏற்பாடு இருந்தது. தெரிந்தவர்களை எல்லாம் சொந்தம், சிநேகிதம், ஆபீஸ் என்று வட்டம் வட்டமாகப் பிரித்து வைத்துக்கொள்ளலாம். நல்ல யோசனைதான். ஆனால் யாரும் உட்கார்ந்து பிரிக்கத் தயாராயில்லை. 2019 ஏப்ரலில் கடையைக் கட்டினார்கள். மச்சானும் அவனே, பக்கத்து சீட்டும் அவனே, கடன் கொடுத்தவனும் அவனே என்றால் எந்த வட்டத்தில் போடுவது?

நம் பக்கத்தில் இதைக் கட்டடத்திலேயே கட்டி வைத்திருந்தார்கள். தஞ்சாவூர்ப் பக்கத்துப் பழைய வீட்டுக்குள் போயிருக்கிறீர்களா? நேர்கோட்டில் போகும். வாசல் திண்ணை, ரேழி, கூடம், முற்றம், தாழ்வாரம், இரண்டாம் கட்டு, கடைசியில் கொல்லை. வழிப்போக்கனுக்குத் திண்ணை. கணக்குப்பிள்ளை ரேழி வரைக்கும் வருவார். சம்பந்திக்குக் கூடம். ஆனால் கொல்லைக்கு ஆம்பளைகள் போகிறது குளிக்கவும் கை கழுவவும்தான். மற்ற நேரத்தில் அது பெண்களின் ராஜ்ஜியம்.

என் அப்பாயி கூடத்தில் வாய் திறந்து நான் பார்த்ததில்லை. தாத்தா எதிரில் உட்காரக்கூட உட்காராது. மத்தியானம் சாப்பாட்டுக் கடை முடிந்து, கொல்லைக் கிணற்றடியில் பக்கத்து வீட்டு அத்தாச்சிகளோடு வெற்றிலைப் பெட்டியைத் திறந்தால் அது வேற ஆள். கொஞ்சம் புகையிலையும் உண்டு. தாத்தா நடக்கிற மாதிரி, செருமுகிற மாதிரி, பண்ணை ஆட்களை அதட்டுகிற மாதிரி நடித்துக் காட்டும். பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். சின்னப் பையன் என்பதால் என்னை விட்டு வைத்திருந்தார்கள். உள்ளே நிஜமான செருமல் கேட்டதும் எல்லாம் அடங்கிவிடும். அப்பாயி வாயைக் கொப்பளித்துவிட்டுப் பழையபடி அப்பாயி ஆகிவிடும்.

அதைப் போலித்தனம் என்று சொல்ல எனக்கு நாக்கு வராது. அந்தக் கிணற்றடி இல்லாமல் அது எழுபது வருஷம் அந்த வீட்டில் எப்படி இருந்திருக்கும்?

உடனே திண்ணைப் பெருமை பேசுகிறான் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த வீட்டில் யாருக்கு எது வரைக்கும் அனுமதி என்பதை ஜாதியும் தாத்தாவும் தீர்மானித்தார்கள். வயலில் பாடுபட்டவர்களுக்குத் திண்ணைகூடக் கிடையாது. களத்து மேட்டிலோ, கொல்லை வேலிக்கு வெளியிலோ நிற்க வேண்டும். அப்பாயியின் கொல்லையும் தாத்தாவின் செருமலுக்கு உட்பட்டதுதான். கதவு இருந்தது. தாழ்ப்பாள் அவர் பக்கம்.

இப்போது பட்டுக்கோட்டைப் பக்கத்துப் பெண் ஒருத்தியைச் சொல்கிறேன். சிநேகிதனுடைய மகள். சென்னையில் சாஃப்ட்வேர் கம்பெனியில் டெஸ்டிங் வேலை. லிங்க்டுஇன்னில் படு கெட்டிக்காரி. வாட்ஸ்ஆப் ஸ்டேட்டஸில் பிரதோஷத்துக்கு நந்தி, வெள்ளிக்கிழமை மாரியம்மன். அத்தைமார்கள் 'தங்கமான பொண்ணு' என்று ஹார்ட்டின் போடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவள் பறை அடிக்கிறாள். ஒரு குழுவோடு சேர்ந்து முறையாகக் கற்றுக்கொண்டு, காலில் சலங்கை கட்டி ஆடிக்கொண்டே அடிக்கிறாள். அந்தப் படமெல்லாம் பூட்டு போட்ட இன்ஸ்டாகிராமில். தெரிந்த எழுபது பேர்தான் பார்க்க முடியும். அதில் ஒரு சொந்தக்காரர்கூட இல்லை.

ஏன் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பறையை யார் தொடுவது என்று ஊரில் இன்றைக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. ஜாதகம் வெளியே போயிருக்கிற நேரம். மாப்பிள்ளை வீட்டார் இப்போதெல்லாம் ஊரில் விசாரிப்பதற்கு முன்னால் போனில் விசாரித்துவிடுகிறார்கள். கம்பெனிக்காரன் வேலைக்கு எடுக்கும்போதும் அதையேதான் செய்கிறான்.

"இப்படி ஒளிச்சு ஒளிச்சு வைக்கிறது கஷ்டமா இல்லையாம்மா?" என்று கேட்டேன்.

"ஒளிக்கலை சித்தப்பா. சாத்தி வச்சிருக்கேன். யாருக்குத் தொறக்கணுமோ நானே தொறப்பேன். அப்பாவுக்குத் தீபாவளிக்குத் தொறக்கலாம்னு இருக்கேன்."

சொல்லிவிட்டு அந்தப் பெண் சாதாரணமாகக் காபியைக் குடித்தது. எனக்குக் கிணற்றடி ஞாபகம் வந்தது. தாழ்ப்பாள் இப்போது இவள் பக்கம் இருக்கிறது. குறைந்தபட்சம், வீட்டுக்காரர் விதிகளை மாற்றாத வரைக்கும், எழுபது பேரில் ஒருவர் ஸ்க்ரீன்ஷாட் எடுக்காத வரைக்கும். தீபாவளி போய்விட்டது. திறந்தாளா என்று நான் கேட்கவில்லை.

எல்லா வாசலையும் ஒரே நாளில் திறந்து போட்டதும் உண்டு. 2018 நவம்பர் 16, விடிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியது. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு என்று ஒரு தலைமுறை வளர்த்த தென்னை ஒரே ராத்திரியில் படுத்துவிட்டது. கரெண்டு கம்பம் விழுந்து, டவர் விழுந்து, ஊரிலிருந்து சத்தமே இல்லை. பல கிராமத்தில் வாரக்கணக்கில் மின்சாரம் கிடையாது. அப்போது சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருந்த நம் பிள்ளைகள் என்ன செய்தார்கள் தெரியுமா? அதுவரைக்கும் ஆபீஸ் குழுவில் ஊர்ப் பேரைக்கூடச் சொல்லாதவன், 'எங்க அம்மா வீட்டு ஓடு பறந்துருச்சு, தார்ப்பாய் வேணும்' என்று எழுதினான். மேனேஜர் லாரிக்குச் சொன்னார். யாரோ ஒரு கிளையன்ட் ஜெனரேட்டர் அனுப்பினார். மெழுகுவத்தி, கொசுவத்தி, பால் பவுடர் என்று கோட்டு போட்ட உலகத்திலிருந்து கைலி கட்டிய உலகத்துக்குச் சாமான் வந்தது. அக்கா மகனும் அந்த வாரம் லிங்க்டுஇன்னில் தமிழில் எழுதினான். அது ஒன்றில்தான் பணிவு என்ற வார்த்தை இல்லை.

ஆறு மாசத்தில் எல்லோரும் பழையபடி அவரவர் வாசலுக்குத் திரும்பிவிட்டார்கள். அதில் தப்பு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. துக்க வீட்டில் எல்லாக் கதவும் திறந்திருக்கும். அதற்காக வருஷம் பூரா அப்படியேவா இருக்க முடியும்?

இதெல்லாம் படித்த, மாசச் சம்பளக்காரர்களின் பிரச்னை என்று நீங்கள் நினைக்கலாம். நானும் கொஞ்ச நாள் முன்பு வரை... சரி, அதை விடுங்கள். வேலை கொடுக்கிறவனுக்குக் காது கேட்காத இடம் ஒன்று வேண்டும் என்பது தஞ்சாவூர் ஜில்லாவில் உயிர்ப் பிரச்னையாக இருந்திருக்கிறது. 1943-ல் பி.சீனிவாசராவ் இங்கே வந்து, மன்னார்குடி பக்கம் தென்பரையில் பண்ணையாட்களைச் சேர்த்துச் சங்கம் கட்டினாரே, அதைப் பற்றி அந்தக் காலத்து ஆட்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். பகல் பூரா மிராசுதார் கண்ணெதிரில் குனிந்த தலை நிமிராமல் நடவு, களையெடுப்பு. ராத்திரியில் குடிசைகளுக்கு நடுவில், விளக்கைத் தணித்து வைத்துக்கொண்டு பேச்சு. யார் வாயிலிருந்தாவது பண்ணை வீட்டுக்கு ஒரு வார்த்தை போனால் விடிந்ததும் சாட்டை காத்திருக்கும், இல்லாவிட்டால் சாணிப்பால். இரண்டு முகமும் அவர்களுக்கு வேண்டியிருந்தது. ராத்திரி முகம் பேசிப் பேசித்தான் பகல் முகம் ஒருநாள் நிமிர்ந்தது. 1952-ல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்ததற்குப் பின்னால் அந்த ராத்திரிகள் இருக்கின்றன.

எதற்கு இவ்வளவு பழங்கதை என்றால், என் பள்ளிக்கூடத்துச் சிநேகிதன் ஒருவனுக்காக. வெட்டாற்றுப் பாசனத்தில் பன்னிரண்டு மா குத்தகைக்குச் சாகுபடி செய்கிறான். ஊர்ப் பேர் வேண்டாம். அவன் போனில் இரண்டு குழு உண்டு. ஒன்று பெரிய குழு. விவசாயிகள், அதிகாரிகள், உரக்கடைக்காரர், ஊர்ப் பெரியவர்கள் எல்லோரும் இருக்கிறார்கள். காலையில் முதல் வேலையாக 'மேட்டூர் அணை நிலவரம்' வரும். நீர்மட்டம் இத்தனை அடி, வரத்து இத்தனை கனஅடி, திறப்பு இத்தனை. மொத்தம் 120 அடியில் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துத்தான் குறுவைக்கு விதை விடலாமா, ஜூன் 12 திறப்பார்களா என்று மனசு கணக்குப் போடும். அதற்குக் கீழே காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, பூச்சிமருந்து விளம்பரம், அதிகாரி போட்ட சுற்றறிக்கை, அதற்கு நாற்பது கும்பிடு.

இன்னொன்று சின்னக் குழு. 'களத்துமேடு' என்று பேர். இருபத்துமூன்று பேர். அதிகாரிகள் கிடையாது. அதில் கும்பிடும் கிடையாது.

ஒரு தை மாசம், சம்பா அறுவடை சமயத்தில் பருவம் தப்பி மழை. கொள்முதல் நிலையத்து வாசலில் எட்டு நாளாக நெல்லைக் கொட்டி வைத்துவிட்டு, தார்ப்பாயை மூடுவதும் எடுப்பதுமாக இருந்தான். எட்டாம் நாள் ராத்திரி, களத்துமேடு குழுவில் வாய்ஸ் மெசேஜ் போட்டான். ஒண்ணே முக்கால் நிமிஷம். சிப்பத்துக்கு எவ்வளவு கேட்கிறார்கள், யார் கேட்கிறார்கள், அவர்களைப் பற்றித் தன்னுடைய அபிப்பிராயம் என்ன என்று விவரமாக, தஞ்சாவூர் ஜில்லாத் தமிழில். பாரம் இறங்கித் தூங்கினானாம்.

மறுநாள் மத்தியானம் நிலையத்தில் அந்தக் குரலை அவனுக்கே போட்டுக் காட்டினார்கள்.

சண்டை இல்லை. சத்தம் இல்லை. "ஒங்க நெல்லுல ஈரம் பத்தொம்பது காட்டுதுங்களே... என்ன செய்யிறது?" என்றார்கள். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போனால் எடுக்கக் கூடாது என்பது விதி. மழைக் காலத்தில் கேட்டுக் கேட்டுத் தளர்வு வாங்குவார்கள், அந்த வாரம் இன்னும் வந்திருக்கவில்லை. ரோட்டில் பரப்பிக் காய வைத்தான். மறுபடி மழை. அடி மூட்டை முளை கட்டிவிட்டது. கடைசியில் வியாபாரி கேட்ட விலைக்குக் கொடுத்தான். குத்தகைக்காரனுக்குக் கொடுத்தது போக, உரக்கடை பாக்கி நின்றது.

மதுரையில் 2023-ல் வந்த ஒரு தீர்ப்பை அவனுக்குச் சொன்னேன். ஒரு கிராம வங்கி ஊழியர், சக ஊழியர்கள் மட்டும் இருந்த வாட்ஸ்ஆப் குழுவில் நிர்வாகத்தைக் கிண்டலடித்துப் பதிவு போட்டார் என்று வங்கி குற்றச்சாட்டுக் குறிப்பாணை கொடுத்தது. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன் அதை ரத்து செய்தார். ஊழியர்கள் வெளியே நின்று டீ குடித்துக்கொண்டே இதைப் பேசியிருந்தால் நிர்வாகம் தலையிட்டிருக்குமா, அதையே ஒரு சின்னக் குழுவுக்குள் பேசினால் மட்டும் எப்படிக் குற்றமாகும் என்பது அவர் வாதம். மனசில் இருப்பதைக் கொட்டித் தீர்க்க ஊழியனுக்கு உரிமை இருக்கிறது என்றார். எனக்கு ரொம்பப் பிடித்த தீர்ப்பு. டீக்கடைக்குச் சட்டத்தில் ஒரு இடம் கிடைத்த மாதிரி.

சிநேகிதன் பொறுமையாகக் கேட்டான். "அவருக்குக் காயிதம் கொடுத்தாங்கல்ல? அதை எடுத்துக்கிட்டு கோர்ட்டுக்குப் போனாரு. எனக்கு மீட்டருதானே காட்டுனான். மீட்டர் மேல கேஸ் போட முடியுமா?"

என்னிடம் பதில் இல்லை.

நெல்லைவிட அவனுக்கு வேறு ஒன்றுதான் அறுத்தது. இருபத்துமூன்று பேரும் மாமன், மச்சான், பங்காளி. யார் அனுப்பியது என்று இன்று வரை தெரியாது. கல்யாண வீட்டுப் பந்தியில் ஒவ்வொரு முகமாகப் பார்க்கிறான். எந்த முகத்திலும் எழுதியிருக்கவில்லை. குழுவைக் கலைத்துவிட்டார்கள். யாரும் புதுசாக ஆரம்பிக்கவும் இல்லை.

இப்போது சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வாய்க்கால் மதகில் உட்காருகிறார்கள், ஏழெட்டுப் பேர். போன் யார் கையிலும் இருக்கக் கூடாது, எல்லாப் போனும் ஒருத்தனுடைய ஸ்கூட்டி சீட்டுக்கு அடியில் பூட்டி வைக்கப்படும் என்று ஏற்பாடு. போன வாரம் நானும் போயிருந்தேன். என் போனையும் வாங்கிப் போட்டுப் பூட்டினார்கள். ஒரு மணி நேரம் நல்ல பேச்சு. இங்கே எழுத முடியாது.

இருட்டுகிற நேரத்தில் ஒரு பெரியவர் கேட்டார். "ஏம்ப்பா, மேட்டூரு இன்னிக்கு எவ்ளோ?"

எல்லோரும் ஸ்கூட்டியைப் பார்த்தார்கள்.